அவன் வராவிட்டால் யார் தேடுவார்கள்?

சிங்கப்பூரில் பல்கலைக்கழக விடுதிகள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே காலியாகத் தொடங்கிவிடும். உள்ளூர்ப் பிள்ளைகள் அழுக்குத் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாடு சின்னது, பேருந்தும் ரயிலும் மாறினால் எந்த மூலைக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம். ஞாயிறு இரவுதான் திரும்பி வருவார்கள். இடையில் அந்த நீள வராந்தாவில் ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்பதே அபூர்வம். ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு வீட்டு நினைப்பு வந்து நெஞ்சை அடைப்பது அந்தச் சனிக்கிழமையில்தான். மற்ற நாட்களில் வகுப்பு, ஓட்டம், வரிசை என்று எப்படியோ பொழுது போய்விடும்.

என் அக்கா மகன் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் சேர்ந்தபோதுதான் இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது. மன்னார்குடிப் பையன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அம்மா கையால் சாப்பிட்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வந்தவன். நான் துவாஸ் பக்கம் ஒரு ஷிப்யார்டில் வேலை பார்க்கிறேன், வீடு ஜூரோங் வெஸ்ட்டில். பக்கத்துப் பூன் லேயில் 179ஆம் எண் பேருந்தில் ஏறினால் வளாகத்துக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிவிடும். பக்கத்திலேயே தாய்மாமன் வீடு, அத்தை சமைத்துப் போடுவாள், பிள்ளைக்கு என்ன குறை என்றுதான் ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

2003இல் நான் இங்கே வந்தபோது எனக்கு வயது 22. டார்மிட்டரியில், அதாவது வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் இடம். ஒரே அறையில் பதினாறு பேர், இரும்புக் கட்டில் கீழே ஒன்று மேலே ஒன்று. வியர்வை நாற்றமும் ஈரத் துணியுமாக இருக்கும். ஆனால் நாலைந்து பேராகச் சேர்ந்து முறை வைத்துச் சமைத்தோம். ராத்திரி ஒருவன் சாப்பிட வரவில்லை என்றால் அவன் தட்டு அப்படியே மூடி இருக்கும். "எங்கடா அவன்?" என்று யாராவது போய்ப் பார்ப்பார்கள். போர்வைக்குள் அழுதுகொண்டு படுத்திருந்தாலும் எழுப்பிக் கூட்டிவந்து உட்கார வைப்பார்கள். அறந்தாங்கிக்காரர் ஒருவர் என்னை அப்படிக் கையைப் பிடித்து இழுத்து வந்த ராத்திரியை நான் மறக்கவே மாட்டேன். ஊரை நினைத்து ஏங்காத நாள் இல்லை, ஆனாலும் தாங்க முடிந்தது. எனக்கென்று ஒரு தட்டு காத்திருந்தது.

பல்கலைக்கழக விடுதி அதைவிட எத்தனையோ மடங்கு மேல். அறைக்கு இரண்டு பேர், மேசை, அலமாரி, கீழே படிக்கிற கூடம், நடந்து போகிற தூரத்தில் சாப்பாட்டுக் கூடம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தால் இரண்டு மூன்று நாள் யாரும் தட்டவே மாட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, அவரவர் வேலை அவரவருக்கு. அதனால் அக்காவிடம் முதலிலேயே சொன்னேன்: "அவனுக்குப் போக ஒரு வீடு இருக்கு, அதைப் பத்திக் கவலைப்படாதே. அவன் இருக்கிற இடத்துல அவன் வரலைன்னா தேடுறதுக்கு நாலு பேர் வேணும். அதுக்குத்தான் நாம வழி பண்ணணும்."

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்துடட்டும் தம்பி, திங்கக்கிழமை காலையில அப்படியே காலேஜுக்குப் போகட்டும். ஒரு பாய் விரிக்க உன் வீட்டுல இடம் இல்லையா?" என்று கேட்டார். என் மனைவியும் அக்கா பக்கம்தான். முதல் பருவம் முடிகிற வரைக்கும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வரட்டும், சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பிப் போகட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கொஞ்ச நாள் அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் ஏன் அப்படி நின்றேன் என்றால், சனிக்கிழமை அந்த விடுதியில் மிஞ்சி இருப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். வியட்நாம், இந்தோனேசியா, மலேசியா, சீனா, இந்தியா என்று வெளியிலிருந்து வந்த பிள்ளைகள்தான். எல்லாருக்கும் அதே வயிற்றுக் கலக்கம், அதே கண்ணீர். இவன் என் வீட்டுச் சோபாவில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளைகள் இவன் இல்லாமலே ஒருவரோடு ஒருவர் பழகிவிடுவார்கள். பருவத்தின் முதல் நாலைந்து வாரத்தில் சேர்கிற கூட்டம்தான் பெரும்பாலும் கடைசி வரை நிற்கிறது. அந்த வாரங்களின் சனிக்கிழமைகளை வீணாக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

ஆனால் "போய்ப் பழகு" என்று மட்டும் சொன்னால் கூச்ச சுபாவம் உள்ள பையன் எப்படிப் பழகுவான்? செய்வதற்கு ஒரு வேலை சொல்ல வேண்டும். நான் சொன்னது ரொம்பச் சின்ன விஷயம்: "மாப்ள, சனிக்கிழமை காபியை அறையில குடிக்காதே. பேன்ட்ரியில போய்க் கலந்து அங்கேயே உட்கார்ந்து குடி. காலி டம்ளரைக் கழுவிட்டுத்தான் வரணும்." விடுதிகளில் பல பேருக்குப் பொதுவாக ஒரு பேன்ட்ரி இருக்கும், தண்ணீரும் குளிர்சாதனப் பெட்டியும் அங்கேதான். காபி குடிக்கிற நேரத்துக்கு யாராவது ஒருத்தர் அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

அப்படி வந்து சேர்ந்தவன்தான் ஈப்போப் பையன். மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். தமிழில் சரளமாகப் பேசினான். என் மருமகன் ஞாயிற்றுக்கிழமை வந்து முதன்முதலாக வாய் நிறையப் பேசியது அவனைப் பற்றித்தான். "மாமா, அவன் பேசுறது கேட்கவே நல்லா இருக்கு." அதற்கடுத்து ஒரு வியட்நாம் பையன் சேர்ந்தான், அப்புறம் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன். நாலு பேரும் சனிக்கிழமை சாயங்காலம் பூன் லே பிளேஸ் உணவங்காடிக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பக்கத்துச் சந்தையில் முட்டையும் கீரையும் வாங்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் காலையில் முறை வைத்துச் சமைப்பார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. (அறைக்குள் குக்கர் வைத்துச் சமைக்க விடுதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. பேன்ட்ரியில் எதற்கு அனுமதி என்று முதல் நாளே அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஊரிலிருந்து எலெக்ட்ரிக் குக்கரைக் கட்டி அனுப்பிவிட்டு அப்புறம் அபராதம் கட்ட வேண்டாம்.)

அடுத்தது போன். இங்கேதான் பெற்றவர்கள் நிறைய உதவி செய்ய முடியும்.

சிங்கப்பூர் நேரம் இந்தியாவை விட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அக்கா அடுப்படி வேலையை எல்லாம் முடித்து, ஒன்பது மணிக்கு நிம்மதியாக உட்கார்ந்து கூப்பிடுவார். இங்கே பதினொன்றரை. பேசி முடிக்கும்போது பன்னிரண்டரை ஆகிவிடும், அம்மா குரல் கேட்ட பிறகு தூக்கம் எங்கே வரும்? காலையில் எட்டரைக்கு வகுப்பு. அவன் உடம்பு வேறு இன்னும் இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. இங்கே காலை ஆறரை மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கும், சூரியன் ஏழு மணி வாக்கில்தான் வரும், வருஷம் முழுக்க அப்படித்தான். ஊரில் விடியற்காலையில் எழுந்து பழகியவனுக்குப் பொழுது விடிந்ததே தெரியாமல் போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கி, பதினொரு மணிக்கு எழுந்து, வகுப்பைக் கோட்டைவிட்டு, அந்தக் குற்ற உணர்வில் இன்னும் ஊரை நினைத்து ஏங்கி, அப்படியே ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போனது.

போன் நேரத்தை மாற்றினோம். இங்கே ராத்திரி எட்டு மணி, மன்னார்குடியில் ஐந்தரை. அக்கா விளக்கேற்றுவதற்கு முந்தைய நேரம். அவன் சாப்பிட்டுவிட்டு விடுதிக்கு நடந்து வரும்போது பேசுவான், அறை வாசலுக்கு வந்ததும் வைத்துவிடுவான். கால் மணி, இருபது நிமிஷம். நடந்துகொண்டே பேசுகிறபோது குரலில் தெம்பு இருக்கிறது, படுத்துக்கொண்டே பேசினால் அழுகைதான் வருகிறது. அக்காவே இதைக் கவனித்துச் சொன்னார்.

அப்புறம் அக்கா கேட்கிற கேள்வியை மாற்றச் சொன்னேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்று சொல்லிவிடுவான், சாப்பிட்டிருக்க மாட்டான். "இன்னைக்கு யார்கூடச் சாப்பிட்ட?" என்று கேட்கச் சொன்னேன். முதலில் இரண்டு மூன்று தடவை பதிலே வரவில்லை. அப்புறம் ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அக்கா மறுநாளும் கேட்டார், அவன் எந்த ஊர், அவங்க அம்மா என்ன பண்றாங்க என்று. நம் அம்மாக்களுக்கு இதெல்லாம் சொல்லித் தரவா வேண்டும்! கொஞ்ச நாளில் ஈப்போப் பையனின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது வரை அக்காவுக்குத் தெரிந்திருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் சாப்பாட்டுப் படம் போடுவதை மட்டும் நிறுத்தச் சொன்னேன். சித்தி வீட்டுக் கறிக்குழம்பு, பெரியப்பா வீட்டு மாம்பழம் என்று வந்து விழுந்துகொண்டிருந்தால், கேன்டீனில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு முன்னால் இருக்கிற சோறு எப்படி இறங்கும்?

சோறு இறங்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம். ஒரு வெள்ளி என்றால் அறுபது ரூபாய்க்கு மேல். கேன்டீனில் நாலு வெள்ளி, ஐந்து வெள்ளி என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் மனசுக்குள் பெருக்கிப் பார்த்திருக்கிறான். ஒரு தட்டுச் சோறு முந்நூறு ரூபாயா என்று திகைத்துப்போய், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ராத்திரி ரொட்டியும் தண்ணீருமாக ஓட்டியிருக்கிறான். அத்தான் கடன் வாங்கி அனுப்பியது அவனுக்குத் தெரியும். பசித்த வயிற்றுக்கு ஊர் நினைப்பு இரட்டிப்பாகத்தான் வரும். என் மனைவிதான் அவன் சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். வாரச் சாப்பாட்டுக்கு இவ்வளவு வெள்ளி என்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, இதில் மிச்சம் பிடித்தால் எனக்குக் கோபம் வரும், முழுசும் சாப்பாட்டுக்கே செலவாக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். வெள்ளியில் கணக்கு வைக்கப் பழகியதும் அவன் தட்டில் முட்டை வந்தது, பழம் வந்தது. இங்கே படிக்கிற முழுநேர மாணவர்கள், அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகமாக இருந்தால், பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 16 மணி நேரம் வரை வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனால் முதல் பருவத்தில் அதற்குப் போகாதே, ஊன்றி நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தடுத்துவிட்டேன்.

வகுப்பு விஷயத்தில் எனக்கு அனுபவம் கிடையாது, அவன் சொல்லக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். ஊரிலிருந்து வரும் பையனுக்கு 18 வயது. பக்கத்தில் உட்காரும் சிங்கப்பூர்ப் பையனுக்கு 21 இருக்கும், இரண்டு வருஷம் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி, முடித்துவிட்டு வந்தவன். அவர்கள் பேச்செல்லாம் ராணுவ முகாம், எந்தப் பிரிவு, எந்த அதிகாரி என்று போகும், அந்தக் கூட்டத்தில் இவன் தம்பி மாதிரி நிற்பான். அவர்கள் பேசுகிற ஆங்கிலத்தின் வேகம் வேறு. இவனை யாரும் ஒதுக்கவில்லை, இவனாகவே ஒதுங்கினான். அதோடு விரிவுரைகளைப் பதிவு செய்து இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். அறையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். படிப்புக்கு அது பெரிய வசதி, ஆனால் ஏக்கத்தில் கிடக்கிற பிள்ளைக்கு அறையை விட்டு வெளியே வராமல் இருக்க அதுவே சாக்காகிவிடுகிறது. நேரில் நடக்கிற எதையும் விடாதே, அதுவும் சிறு குழுவாக நடக்கிற டியூட்டோரியல் வகுப்பில் எப்போதும் ஒரே பக்கம், ஒரே வரிசையில் உட்கார் என்று சொன்னேன். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் பக்கத்து இருக்கைக்காரன் தானாகவே தலையசைப்பான்.

வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டு யாரும் தன்னைக் கூப்பிடவில்லை என்று உட்கார்ந்திருந்தான். இங்கே மாணவர்கள் எல்லாவற்றுக்கும் டெலிகிராம் குழுதான் வைத்திருக்கிறார்கள். விடுதி மாடிக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று. அதில் சேர்ந்த அன்றைக்கே அவனுக்கு ஏழெட்டு அழைப்பு வந்து கிடந்தது. வரப்போகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே அதைப் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட அவனைத் தூக்கி நிறுத்தியது விடுதி நிகழ்ச்சிகளுக்கு ஒலியும் விளக்கும் பார்க்கிற குழு. மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனித் திருவிழா 18 நாள் நடக்கும். எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருப்பவரோடு இவன் சின்ன வயசிலிருந்தே ஒயர் இழுத்துக்கொண்டு திரிவான், அக்கா திட்டிக்கொண்டே இருப்பார். அது எனக்கு ஞாபகம் வந்தது. கூட்டத்தில் போய் நின்று நாலு பேரிடம் பேசு என்றால் இவனால் முடியாது, ஆனால் கையில் ஒரு ஒயரைக் கொடுத்தால் போதும். முதல் நிகழ்ச்சியில் ஒலிபெருக்கி ஒன்று இரைந்துகொண்டே இருந்திருக்கிறது. இவன் போய் எந்த இணைப்பில் கோளாறு என்று கண்டுபிடித்துச் சரி பண்ணியிருக்கிறான். அதற்கப்புறம் ஒத்திகை என்றால் இவனைத்தான் தேடுவார்கள். ஒருநாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டான், குழுவிலிருந்து இரண்டு பேர் கஞ்சி வாங்கிக்கொண்டு அறைக்கே வந்துவிட்டார்கள். வளாகத்து டாக்டரிடம் கூட்டிப்போய் மருத்துவ விடுப்புச் சான்றிதழும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அது இல்லாமல் தேர்வுக்கு வராமல் இருந்தால் பிரச்சினை என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கு விஷயம் மறுநாள்தான் தெரிந்தது. மாமாவிடம் சொல்வதற்கு முன்னால் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிட்டது. அன்றைக்கு அக்காவுக்கு நான்தான் முதலில் போன் போட்டேன்.

தமிழ் மன்றத்திலும் சேர்ந்தான். நன்யாங்கில் தமிழ் இலக்கிய மன்றம் இருக்கிறது, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேரவை இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வாரத்தில் ஒரு மணி நேரமாவது வாய் திறந்து சொந்த மொழியில் சிரிக்க வேண்டும். அதே நேரத்தில் நம் ஆட்களோடு மட்டுமே சுற்றிக்கொண்டிருந்தால் நாலு வருஷம் கழித்தும் இந்த ஊர் அந்நியமாகவே இருக்கும். ஒரு கால் தமிழ்க் கூட்டத்தில், ஒரு கால் வெளியே. அதுதான் என் கணக்கு.

எல்லாம் இப்படி நேராகப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஏழாவது வாரம் முடிந்ததும் ஒரு வாரம் இடைவேளை விடுகிறார்கள். விடுதி மொத்தமும் காலி. ஈப்போப் பையனும் ஊருக்குப் போய்விட்டான். அதற்குச் சற்று முன்னால்தான் ஒரு தேர்வு முடிவு வந்திருந்தது. பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன், இங்கே பாதி வகுப்புக்குக் கீழே இருந்தான். ஊரிலே பெயர் சொன்னால் தெரியும், இங்கே நான் யாருமே இல்லை மாமா என்று சொன்னான். ஏக்கம் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. அம்மாவை மட்டும் தேடவில்லை, அங்கே இருந்த தன்னையும் தேடுகிறான்.

அந்த வாரம் மட்டும் என் சட்டத்தைத் தளர்த்தி வீட்டில் தங்க வைத்தேன். சாயங்காலம் ஜூரோங் ஏரிப் பூங்காவில் நடந்தோம். அப்போதுதான் மனசைத் திறந்தான். திரும்பி ஊருக்கே போய்விடலாமா என்று நினைத்திருக்கிறான். ஆனால் அரசாங்கத்தின் கட்டண மானியம் வாங்கியிருக்கிறான், அதற்குப் படிப்பு முடிந்ததும் மூன்று வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம், ஜாமீன் கையெழுத்து வேறு. தான் ஓடிப்போனால் அப்பா தலையில் விழும் என்ற பயத்தில் தூக்கமே இல்லாமல் கிடந்திருக்கிறான். போகவும் முடியாது, இருக்கவும் முடியாது என்று பூட்டிப் போட்ட மாதிரி ஒரு நிலை.

நான் சொன்னது இதுதான்: "போகணும்னா போகலாம் மாப்ள, வழி இல்லாம இல்ல. உடம்பு மனசு சரியில்லைன்னா விடுப்பு வாங்கி ஒரு பருவம் தள்ளிப் படிக்கலாம், அதுக்கெல்லாம் பல்கலைக்கழகத்துல முறை இருக்கு. ஆனா டிசம்பர்ல பரீட்சை முடிஞ்ச பிறகு முடிவு பண்ணு. இருட்டுல நின்னுக்கிட்டு முடிவெடுக்காதே." கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவன் முகத்தில் இறுக்கம் குறைந்தது. மதிப்பெண் பயத்துக்கும் வழி இருந்தது. எஸ்/யூ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள், குறிப்பிட்ட சில பாடங்களின் கிரேடு சராசரியில் சேராமல் தேர்ச்சி மட்டும் பதிவாகும்படி கேட்டுக்கொள்ளலாம். எத்தனை பாடம், எப்போது கேட்க வேண்டும் என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வேறு. முதலாண்டுப் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று தெரிந்துதான் இதை வைத்திருக்கிறார்கள். சீனியர் ஒருவன் உட்கார்ந்து விளக்கியதும் அவனுக்கு மூச்சு வந்தது.

பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடமும் போகச் சொன்னேன். முதலில் மறுத்தான், "பைத்தியம்னு எழுதிடுவாங்க, விசாவுல பிரச்சினை வரும்" என்றான். இந்தப் பயம் நம் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்கிற நிலை இல்லாத வரை அங்கே பேசுவதை ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லமாட்டார்கள். மாணவர்களுக்காகவே வைத்திருக்கிற சேவை அது. வாசல் வரைக்கும் நான் கூடப் போனேன். உள்ளே என்ன பேசினான் என்று இன்று வரை நான் கேட்டதில்லை. சில தடவை போனான், தூக்கம் சரியானது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏக்கம் அலை மாதிரி வரும் போகும், நடுநடுவே பிள்ளை சிரிப்பான், சாப்பிடுவான். இரண்டு வாரத்துக்கு மேல் சிரிப்பே இல்லை, சாப்பாடும் தூக்கமும் போய்விட்டது, வகுப்புக்கே போவதில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் அதை ஏக்கம் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆளை அனுப்பிப் பாருங்கள். சிங்கப்பூரில் 1771 என்ற எண்ணில் மனநல உதவி நாள் முழுக்கக் கிடைக்கும். உயிரை மாய்த்துக்கொள்கிற எண்ணம் வந்தால் 1767, அதுவும் 24 மணி நேரமும் உண்டு. இரண்டு எண்ணையும் பிள்ளையின் போனில் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.

புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. அக்கா இதை நினைத்து ரொம்பக் கவலைப்பட்டார். சீனச் சைவக் கடையில் பார்ப்பதற்கு இறைச்சி மாதிரியே வைத்திருப்பார்கள், பெரும்பாலும் சோயாவிலும் கோதுமையிலும் செய்தது, இறைச்சி கிடையாது. ஏமாற்றுவது மற்றக் கடைகளின் கீரைதான். காங்கோங் கீரையைப் பெலாச்சான் போட்டு வதக்குவார்கள், அது இறால் விழுது. கேட்டு வாங்க வேண்டும். அந்த மாதம் அவனோடு வியட்நாம் பையனும் சேர்ந்து சைவக் கடையில் சாப்பிட்டானாம், பௌத்தர்களான அவன் வீட்டிலும் மாதத்தில் சில நாள் சைவம்தானாம்.

தீபாவளி இங்கே பொது விடுமுறை, ஆனால் ஒரே நாள்தான். பரீட்சை நெருங்குகிற நேரம், ஊருக்குப் போய் வர முடியாது. தனியாக வராதே, விடுதியில் இருக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். ஐந்தாறு பேர் வந்தார்கள். என் மனைவி எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்துவிட்டாள், வியட்நாம் பையன் தலையிலும்தான். சாயங்காலம் எல்லாரும் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவுக்குப் போய் சிராங்கூன் சாலை விளக்கு அலங்காரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விடுதிக்குப் போனார்கள். பட்டாசு இங்கே தடை என்பதில் மட்டும் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

டிசம்பரில் ஊருக்குப் போனான். திருச்சிக்கு நேரடி விமானம், நாலு மணி நேரப் பயணம். ஜனவரியில் திரும்பி வருவானா என்று அக்காவுக்கே சந்தேகம் இருந்தது. பெட்டி நிறையப் பருப்புப்பொடி பொட்டலத்தோடு வந்து இறங்கினான், நாலு பேருக்கும் தனித்தனியாகப் பெயர் எழுதி.

இங்கே சொந்தக்காரர் யாரும் இல்லாத பிள்ளைகள்தான் அதிகம், அவர்கள் வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு, என்ன செய்வது என்று. ஜூலையிலேயே அந்தப் பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்துப் பிள்ளைகளுக்கு எழுதுங்கள், பதில் போடுவார்கள். விடுதி முகாம், துறை முகாம் என்று புது மாணவர்கள் பழகுவதற்காகப் பருவம் தொடங்குவதற்கு முன் நடக்கிறவற்றில் ஒன்றையாவது பிள்ளை விடாமல் போகட்டும், அதற்கு ஏற்றபடி விமான டிக்கெட் போடுங்கள், வகுப்புக்கு முதல் நாள் வந்து இறங்குகிற மாதிரி வேண்டாம். பிள்ளை கையால் என்ன வேலை செய்வான் என்று நீங்கள்தான் அறிவீர்கள். தோசை வார்ப்பானா, பந்து வீசுவானா, மிருதங்கம் வாசிப்பானா, கணக்குச் சொல்லிக்கொடுப்பானா, அதை அவனுக்கு ஞாபகப்படுத்தி அனுப்புங்கள். அறைத் தோழனின் பெயரையும், இன்னும் ஒரு நண்பனின் எண்ணையும் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவனை வேவு பார்க்க அதைப் பயன்படுத்தாதீர்கள், அவனே போன் எடுக்காத நாளுக்கு அது தேவைப்படும்.